பிழைதிருத்தமும் நீதியும்

மொழிப் பயிற்சி என்பது பிழை நீக்கும் பயிற்சியே என்னும் எண்ணம் ஆசிரியரிடையே வேரூன்றியுள்ளது. எவருடைய பேச்சு பிழை எனப்படுகிறது, அவ்வாறு தீர்ப்பவர் யாவர் என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவது அரிது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரும் பேராசிரியருமான ஜூன் ஜோர்டன், 1985இல் வெளிவந்த 'ஆன் கால்' என்னும் நூலில், ஸ்டோனி புரூக்கிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாம் நடத்திய ஆங்கில வகுப்பை விவரிக்கிறார். அக்கட்டுரை நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982) நாவலில் அமைந்த கறுப்பு ஆங்கிலத்தைக் கண்டு முகஞ்சுளித்தோர், அதனையொத்த பேச்சில் வளர்ந்த கறுப்பின மாணவர்களே. தம் வீட்டு மொழியை இகழக் கல்வி அவர்களைப் பழக்கியிருந்தது. ஜோர்டன் அவர்களைக் கடியவில்லை. நாவலின் தொடக்கத்தைப் பள்ளிகள் போற்றும் செந்தர ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்தார். பெயர்ப்பு நகைப்பிற்கு இடமாயிற்று. பின்னர், மாணவர்கள் அவருடன் சேர்ந்து அவ்வழக்கின் விதிகளைத் தொகுத்தனர்.

செயப்பாட்டு வினைக்கு அங்கு இடமில்லை என்பது அவ்விதிகளுள் ஒன்று. மொழியியல் நோக்கில் இது மிகைக்கூற்று. கறுப்பு ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வினை உண்டு. எனினும் இதன் அறப்பொருளை நாம் ஒதுக்கவியலாது. அந்நாட்களில் மாணவர் ஒருவரின் சகோதரரை, அவர் ஆயுதமற்றவராயிருந்தும், புரூக்ளின் காவலர் சுட்டுக் கொன்றனர். 'கொல்லப்பட்டார்' என்றெழுதினால் கொன்றவர் வாக்கியத்தினின்று மறைந்துவிடுகிறார் அன்றோ?

கண்டனத்தை எம்மொழியில் எழுதுவது? மாணவர்கள் விவாதித்து, அச்சேறாது என அறிந்தும், கறுப்பு ஆங்கிலத்தையே ஒருமனதாகத் தெரிந்துகொண்டனர். 'நியூஸ்டே' நாளிதழ் அதனை ஏற்கவில்லை. கேட்கவேண்டியோர் செவிக்கு எட்டாத சாட்சியத்தால் பயன் யாது என்னும் வினாவுக்கு ஜோர்டன் நேர்விடை தரவில்லை. இது கட்டுரையின் குறையே. ஆயினும், சகோதரரை இழந்த மாணவர் தென்னாப்பிரிக்காவின் ஒடுக்குமுறையையும் புரூக்ளின் காவலரின் வன்முறையையும் ஒப்புநோக்கிச் செந்தர ஆங்கிலத்தில் எழுதியதை இறுதியில் வைக்கிறார். மறைமுகமான விடை அதுவே என நாம் கருதுகிறோம்.

அதிகாரத்தின் மொழியை எளியோர்க்குக் கற்பிக்க மறுப்பது அநீதி. அதனைக் கற்பிக்கும் பொருட்டு அவர்தம் வீட்டு மொழியை நாணச் செய்வதும் அநீதி. இரண்டையும் கையளித்து, ஒவ்வொன்றும் கோரும் விலையை ஒளியாது உரைப்பதே ஆசிரியர் கடன். தெரிவு மாணவருடையது.