கைப்பிடி அரிசிக்குப் பேரில்லை

'விசுவாசம் வளர எல்லாரும் கூடி உழைப்போம்' என்று எங்க சங்கரன்கோவில் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி சொல்லுறாங்க. கூடுவது சரிதான். யார் உழைச்சாங்க, யார் பேரு நின்னுச்சு என்பதே என் கேள்வி.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஆள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது கொள்கை. பெரிய காரியந்தான். ஊழியர்கள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். வெள்ளாளன்விளை அசரியா 1912இல் அங்கே பேராயரானார். நமது ஊழிய வரலாறுகள் இதைப் போனவர்களின் கதையாகவே எழுதுகின்றன. ஆனால் அங்கே சபையாகத் திரண்டவர்கள் பெரும்பாலும் மாலாக்களும் மாதிகாக்களும். சொந்தபந்தத்துக்குச் சொல்லி அடுத்த சேரியைச் சேர்த்தவர்களும் அவர்கள்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துச் சபையைத் தாங்கியவள் கூலிக்காரி. அவளுக்கு அந்த வரலாற்றில் பேரில்லை. 'ஆத்துமாக்கள்' என்ற எண்ணிக்கைதான் இருக்கு.

அதற்கான விலையையும் தலித்துகளே கொடுக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. சங்கரன்கோவில் தனித்தொகுதி. தலித் கிறிஸ்தவர் இங்கே ஓட்டுப் போடலாம். தலித்தாகத் தேர்தலில் நிற்க முடியாது.

கூட்டு உழைப்பு என்று பேசும் சாதிக் கிறிஸ்தவர்கள் இந்தச் சுமைக்கும் தோள் கொடுக்கணும். அந்த ஆணையை மாற்றக் கோரி எங்களோடு தெருவுக்கு வரணும்.