கும்பார்வாடா மண்கலங்களும் அடையாளமும்

மண்ணை வனையும் கலைஞர் தம் நினைவையும் அடையாளத்தையும் கலத்தில் பதிக்கின்றார் என்பது கலைத்திறனாய்வில் பெருவழக்கான கருத்தாகும். 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோர் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தில் பயின்றோரின் ஆக்கங்களுக்கு இக்கருத்துப் பொருந்தும். மும்பைத் தாராவியிலுள்ள கும்பார்வாடாவிற்கும் இது பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது.

சௌராட்டிரத்திலிருந்து மும்பைக்கு வந்த குயவர்கள், தென்மும்பையிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1930களில் இங்குக் குடியமர்ந்தனர். இவர்தம் அகலிலும் பானையிலும் பொதுவாக வனைந்தவர் பெயர் இராது. கொடுமணல் பானையோடுகளில் தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர்கள் உள்ளன. ஆயின் அவற்றுட் பல, கலத்தை உடையவரின் பெயர்களாகவே கருதப்படுகின்றன. வனைந்தவர் பெயரைக் கலத்தில் தேடுவது எல்லா மரபிற்கும் ஒத்த அளவுகோல் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின், கும்பார்வாடாவின் நினைவு எங்குத் தங்கியுள்ளது? பஞ்சுக் கழிவை எரித்துச் சுடும் சூளையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. மண் பிசைதலும் உலர்த்தலும் வீட்டு வாயிலிலேயே நிகழ்கின்றன. வீடு, தொழிற்களம், உறவு ஆகிய மூன்றும் கூடும் சூளை முற்றமே இவர்தம் அடையாளத்தின் நிலைக்களன் எனலாம்.

2022 நவம்பரில் அதானி குழுமம் மிகுதொகை கோரி முதலிடம் பெற்ற தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தை இந்நோக்கில் மதிப்பிடுதல் வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்புக் கிடைக்கலாம். சூளைக்கும் முற்றத்திற்கும் இடமில்லையேல் கலம் காட்சிப்பொருளாக எஞ்சும். அதனை ஈன்ற வாழ்வு எஞ்சாது. மண்கலையைத் திறனாய்வோர் கலத்தோடு நில்லாமல் களத்தையும் கருதுதல் இன்றியமையாதது.