பகுப்புப் பெயரின் இலக்கணம்: ஹாஸ்கெல் விக்கியின் பகுப்புமுறை – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நிரல்மொழி ஒன்றைப் பயன்படுத்துவோர் தாமே கூடி எழுதித் திருத்தி வளர்க்கும் தொகுப்பு விக்கி எனப்படுகிறது. இதில் எவரும் புதிய பக்கம் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தலாம். பக்கங்கள் பெருகும்போது அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டிய தேவையும் எழுகிறது. இதற்கென ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒன்றோ பலவோ ஆகிய பெயர்கள் இடப்படுகின்றன. இவையே பகுப்புகள். 1990இல் முதல் வரையறை வெளியான ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியின் சமூக விக்கியைச் சான்றாகக் கொண்டு, பகுப்புப் பெயரின் இலக்கணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பகுப்புப் பெயர் தனிச்சொல்லாகத் தோன்றினும் உண்மையில் ஒரு முழுத்தொடரின் சுருக்கமேயாகும். அத்தொடரின் பயனிலை மறைந்து நிற்பதே விக்கிப் பகுப்பின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் கருத்து. மூலமொழியில் ஓரளவு மறைந்து கிடக்கும் இக்குறை மொழிபெயர்ப்பின்போது வெளிப்பட்டு நிற்கிறது.

2. எழுத்து சார்ந்த தடை

1995 மார்ச்சு 25இல் வார்டு கன்னிங்காம் வெளியிட்ட விக்கிவிக்கிவெப் முதல் விக்கியாகும். அதில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் அத்தொடர் தானே இணைப்பாக மாறும். பகுப்பும் இவ்வாறு அமைந்த ஒரு தொடரே. அப்பெயருடைய பக்கத்திற்குச் சென்று தலைப்பைச் சொடுக்கினால், அப்பெயர் இடம்பெறும் பக்கங்கள் அனைத்தும் பட்டியலாக வரும். 'இப்பெயர் இப்பக்கத்தில் வருகிறது' என்பதற்கு மேல் அம்முறை எதனையும் கூறவில்லை. அவ்வகையில் அது நேர்மையானது எனலாம்.

ஆயின் அம்முறை உரோமன் எழுத்தின் ஓர் இயல்பைச் சார்ந்து நின்றது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு தமிழ் எழுத்தில் இல்லை. எனவே அம்முறையைத் தமிழுக்கு அவ்வாறே கொண்டுவர இயலாது. ஹாஸ்கெல் சமூகத்தின் பழைய விக்கி, இம்மரபைப் பின்பற்றிய மொயின்மொயின் என்னும் மென்பொருளில் இயங்கியது. பின்னர் வந்த விக்கி, விக்கிப்பீடியாவுக்கு அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருளில் அமைந்தது. இதில் இணைப்பும் பகுப்பும் சதுர அடைப்புக்குறிகளால் குறிக்கப்படுகின்றன. மீடியாவிக்கியில் 2004இல் சேர்க்கப்பட்ட பகுப்பு வசதி, தமிழ் இடைமுகத்தில் 'பகுப்பு' என்றே வழங்குகிறது. ஆக, எழுத்து சார்ந்த தடை நீங்கிற்று. இலக்கணம் சார்ந்த தடை நின்றது.

3. மறைந்து நிற்கும் பயனிலைகள்

ஹாஸ்கெல் விக்கியில் காணப்படும் பகுப்புகளுள் மோனட், இடியம்ஸ், டுடோரியல்ஸ் என்னும் மூன்றை ஒப்புநோக்குவோம். இம்மூன்றும் ஒரே குறியீட்டால், பக்கத்தின் ஒரே இடத்தில் எழுதப்படுகின்றன. எனினும் பக்கத்திற்கும் பெயருக்கும் உள்ள உறவு மூன்றிலும் வெவ்வேறாகும்.

(அ) மோனட் என்பது கணிப்புகளைத் தொடர்ச்சியாகக் கோக்கும் ஓர் அமைப்பு. இப்பகுப்பில் உள்ள பக்கம் மோனட் பற்றியது.

(ஆ) இடியம் என்பது அம்மொழியில் நிரல் எழுதுவோரிடையே நிலைபெற்ற எழுதுமுறை. இப்பகுப்பில் உள்ள பக்கம் இடியம் அன்று. பக்கம் விளக்கும் பொருளே ஓர் இடியம்.

(இ) டுடோரியல் என்பது படிப்படியாகக் கற்பிக்கும் கட்டுரை. இப்பகுப்பில் பக்கமே ஒரு டுடோரியல்.

முதலாவது பேசுபொருளைச் சுட்டுகிறது. இரண்டாவது பேசுபொருளின் இனத்தைச் சுட்டுகிறது. மூன்றாவது எழுத்தின் வடிவத்தைச் சுட்டுகிறது. முதலாவதனை ஏனைய இரண்டினின்றும் பிரித்துக்காட்ட ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை வேறுபாடு பயன்படுகிறது. பொருட்பகுப்புக்கு ஒருமைப் பெயர், உறுப்பினர் தொகுதிக்குப் பன்மைப் பெயர் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் பெயரிடும் மரபு. ஆயின் இரண்டாவதையும் மூன்றாவதையும் வேறுபடுத்த ஆங்கிலத்திலும் வழியில்லை, இரண்டும் பன்மையே.

இதன் விளைவை ஒரு சான்றால் உணரலாம். மோனட் பற்றி எழுதப்பட்ட டுடோரியல்களைக் காலவரிசையில் தொகுத்துக் கூறும் பக்கம் ஒன்று இவ்விக்கியில் உண்டு. அது டுடோரியல்களைப் பற்றியது. தான் ஒரு டுடோரியல் அன்று. அதனை டுடோரியல்ஸ் என்னும் பகுப்பில் சேர்த்தால் கற்க வருபவர் ஏமாறுவர். சேர்க்காவிடில் டுடோரியல் தேடி வருபவருக்கு மிகவும் பயன்படத்தக்க பட்டியல் கண்ணில் படாது. எழுதுபவர் எதைச் செய்தாலும் பிழையாகிறது. பிழை அவருடையதன்று, பெயருடையது.

மேலும், பகுப்பின் பக்கத்திலேயே வேறொரு பகுப்பின் பெயரை இட்டு அதனை உட்பகுப்பாக்கவும் இயலும். அப்போது 'இதனுள் அடங்குவது' என்னும் நான்காவது உறவும் அதே குறியீட்டின் மேல் ஏற்றப்படுகிறது. ஹவ் டு என்னும் பகுப்போ பெயர்ச்சொல்லே அன்று. அது வினாத்தொடர் ஒன்றின் முற்பகுதி. நால்வகை உறவுகளுக்கும் ஒரே குறி என்பது, வேற்றுமை உருபுகளை எல்லாம் நீக்கிவிட்டுத் தொடர் எழுதுவதை ஒக்கும்.

4. தமிழில் எழும் சிக்கல்

இப்பகுப்புகளைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு எண் காட்டும் உத்தியும் துணை நில்லாது. உயர்திணையில் பால் காட்டும் விகுதி இன்றியமையாதது. அஃறிணைப் பெயரோ விகுதியின்றியும் இரு பாலுக்கும் பொதுவாய் நிற்கும். 'நூல் வந்தது', 'நூல் வந்தன' எனப் பயனிலையே பாலை உணர்த்தும். நன்னூலார் இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். 'கள்' விகுதி இன்றைய உரைநடையில் மிகுதியாக வழங்கினும் அது கட்டாயமன்று. கலைக்களஞ்சியத்தில் மக்களைக் குறிக்கும் பகுப்புகள் உயர்திணையாதலின் ஓரளவு தப்புகின்றன. நிரல்மொழி விக்கியிலோ நிரல், நூலகம், கட்டுரை, எழுதுமுறை என வருவன பெரும்பாலும் அஃறிணை. எனவே ஆங்கிலத்தில் எண் வேறுபாடு தாங்கிய பொருளைத் தமிழில் அவ்விகுதியைக் கொண்டு மட்டும் காத்தல் அரிது.

சொற்பொருள் நிலையிலும் இடர் உண்டு. இடியம் என்பதற்கு அகராதி தரும் 'மரபுத்தொடர்' என்னும் சொல்லை இட்டால், படிப்பவர் மொழியியற் பொருளையே கொள்வர். 'நிரலெழுது மரபு' என்றாற் போல் விரித்தாலன்றிப் பொருள் விளங்காது. பகுப்புப் பெயர் சூழலின்றித் தனித்து நிற்பதால், தொடரிடைச் சொல்லுக்குக் கிடைக்கும் துணை அதற்குக் கிடைப்பதில்லை.

மூன்றாவது சந்தி. மீடியாவிக்கியில் பெயரின் எழுத்து ஒன்று மாறினும் அது வேறு பகுப்பாகிவிடும். ஆங்கிலத்தில் ஹவ் டு என்பதன் இரண்டாம் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலே புதுப்பகுப்பு தோன்றிவிடும். தமிழிலோ 'கற்பித்தல் கட்டுரை', 'கற்பித்தற் கட்டுரை', 'கற்பித்தற்கட்டுரை' என மூவகையாக எழுதுதல் இயல்பு. ஒரே பொருளுடைய பக்கங்கள் மூன்று பட்டியல்களில் சிதறுண்டு போகும். மொழி இடம்தரும் நெகிழ்ச்சியைப் பொறி பிழையாகக் கொள்கிறது.

5. மாற்று நெறி

உறவை வெளிப்படக் கூறும் வகைப்பாடு நமக்குப் புதிதன்று. திவாகர நிகண்டின் பன்னிரு தொகுதிகளுள் முதற்பத்தும் பொருளின் இனம் பற்றியவை. பதினொன்றாவது ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. பன்னிரண்டாவது பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி. அடிப்படை மாறுமிடத்து, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தொகுதியின் பெயரே சொல்லிவிடுகிறது. எஸ். ஆர். அரங்கநாதனின் கோலன் பகுப்புமுறையும் (1933) நூற்பட்டியல், பருவ இதழ் போன்ற வடிவங்களுக்குத் தனிக்குறிகளைத் தந்து அவற்றைப் பொருட்குறிகளினின்றும் பிரிக்கிறது.

தமிழில் இதற்கு வேண்டிய கருவி பெயரில் இல்லை; வினையில் உண்டு. 'மோனட் பற்றியவை', 'நிரலெழுது மரபுகளை விளக்குவன', 'கற்பித்தற் கட்டுரைகளாவன' என அஃறிணைப் பன்மை வினையாலணையும் பெயர்களால் மூன்று உறவுகளையும் ஐயமின்றிக் குறிக்கலாம். மேலே கூறிய காலவரிசைப் பக்கம் 'கற்பித்தற் கட்டுரைகள் பற்றியவை' என்பதில் இடர்ப்பாடின்றி அமரும். ஆங்கிலத்தில் பொதிந்து கிடக்கும் வேறுபாட்டைத் தமிழ் விரித்துக் காட்டுகிறது. இங்கு மொழிபெயர்ப்பாளரின் பணி மூலத்தைத் தெளிவுபடுத்தும் பணியுமாகிறது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். விக்கியில் எழுதுவோர் ஊதியமின்றித் தம் ஓய்வுப் பொழுதில் எழுதுகின்றனர். நெறிமுறை மிகுந்தால் எழுதுவதையே கைவிடுவர் என்பது அது. இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு சொல்லை இட்ட அளவில் பக்கம் பட்டியலில் சேர்வதே இம்முறையின் வலிமை. ஆயினும் இங்கு வேண்டப்படுவது புதிய திட்டமன்று. ஒவ்வொரு பகுப்பிற்கும் உரிய பக்கத்தில், 'இங்குச் சேர்வன எவை, சேராதன எவை' என்பதை ஒரே தொடரில் எழுதி வைத்தல் போதும். எழுத்து வேறுபாட்டால் பிரிந்த பெயர்களைக் கண்டு ஒன்றாக்கும் பொறுப்பை ஒருவரேனும் ஏற்றல் வேண்டும். இவ்விரண்டும் எழுத வருவோர்க்குச் சுமையாகா.

6. முடிவுரை

ஹாஸ்கெல் போன்ற ஒரு மொழியில் ஒவ்வொரு மதிப்பும் எவ்வகையைச் சார்ந்தது என்பது நிரல் இயங்குமுன்னரே சோதிக்கப்படுகிறது. வகை பொருந்தாத தொடரை அம்மொழி ஏற்பதில்லை. அம்மொழியின் விக்கியில் பக்கத்தையும் பகுப்பையும் இணைக்கும் உறவுக்கு அத்தகைய சோதனை இல்லாமை முரணாகும். அச்சோதனையை மொழிபெயர்ப்பாளர் செய்ய நேர்கிறது. பகுப்புப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அதன் பின்னால் மறைந்துள்ள பயனிலை யாது என வினவி, அதனை எழுதிய பின்னரே பெயரைத் தேர்தல் தக்கது. விடை கிடைக்காத இடத்தில் மூலப் பகுப்பே தெளிவற்றது என்பதை உணர்ந்து, அதனை அவ்விக்கியின் ஆசிரியர்க்குச் சுட்டிக்காட்டுதலும் மொழிபெயர்ப்பின் கடமைகளுள் ஒன்றாகும்.