சொற்களும் குடிபெயரும்

ஆங்கிலம் கற்கப் புகும் மாணவனுக்குக் குடிபெயர்வு தொடர்பான சொற்கள் ஒரு பட்டியலாகவே தரப்படுகின்றன. இமிகிரண்ட் எனின் வந்து குடியேறியவர். ரிபேட்ரியேசன் எனின் தாயகம் திரும்பல். அகராதியளவில் இதிற் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் டிக்கோயாத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்த என் போன்றோர்க்கு இப்பொருள்கள் எளிதிற் செரிப்பவையல்ல.

லயம் என்பதே 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பெரட்டு 'பரேட்' என்பதன் திரிபு. என் அம்மாயி ஆங்கிலம் அறியாதவர். எனினும் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவர். எதிர்த்திசையிற் சென்ற சொற்களும் உள. கங்காணி ஆங்கிலத்திற் புகுந்தும் கங்காணியாகவே இருந்தார். கூலியின் கதி வேறு. தமிழில் அது உழைப்புக்குப் பெறும் ஊதியம். ஆங்கிலத்தில் உழைப்பவனுக்கே பெயராயிற்று. (அச்சொல்லின் மூலம் குசராத்தின் கோலி என்னும் இனப்பெயர் என்பாருமுளர். எம்மவர் காதில் விழுந்தது என்னவோ தமிழ்ச் சொல்லே.)

ரிபேட்ரியேசன் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அனுப்பப்பட்டோரிற் பலர் இங்கேயே பிறந்தவர்கள். கண்டறியாத ஊருக்குச் செல்வதை எங்ஙனம் திரும்பல் என்பது? தமிழ்நாட்டு அரசு வழக்கும் 'தாயகம் திரும்பியோர்' என்றே கொண்டது. இவ்விடத்து ஆங்கிலத்தை மட்டும் குறைகூறல் நேர்மையாகாது. நம் தமிழும் உடன் தவறியது.

1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்திலேயே எழுதி 1970இல் வெளியிட்ட நூலின் பெயர் 'போர்ன் டு லேபர்'. 'உழைக்கப் பிறந்தவர்கள்' என அதனைத் தமிழாக்குவர். ஆனால் லேபர் என்பது பேற்று நோவையும் குறிக்கும். பிறப்பைச் சுட்டும் சொல்லின் அருகே அது நிற்கையில் அந்நோவும் கேட்கின்றது. தமிழ்த் தலைப்பில் அது கேட்கவில்லை. உழைப்பதற்கென்றே பிறந்தோம் என்பது தோட்டத் துரைமாரின் கூற்றாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். அதனைக் கசந்து சொல்லியதாகக் கொள்ளலே தகும் என்பது என் துணிபு.

இமிகிரண்ட் என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைக்குமாறு பயிற்சித் தாளொன்றிற் கேட்கப்பட்டது. முதலில் அம்மாயியை எழுவாயாக்கினேன்; பின் வெட்டினேன். அவர் டிக்கோயாவிலேயே பிறந்தவர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசையானவர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோரை எழுவாயாக்கி அவ்வாக்கியத்தை முடித்தேன்.