லினக்ஸ் யார் வீட்டுக்குப் பொருந்தும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு தவணை கிடைத்தது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது என்கிறது. 2016-இல் வாங்கி இன்றுவரை பழுதில்லாமல் ஓடும் கணினிக்கு அங்கே இடமில்லை. "பேசாமல் லினக்ஸ் போட்டுவிடலாமா?" என்ற பேச்சு இப்படித்தான் எழுகிறது.

இதற்கு வரும் பதில்கள் எடுத்த எடுப்பிலேயே எந்த லினக்ஸ் என்பதில் போய் நிற்கின்றன. உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா, திரையில் பட்டை கீழே இருக்க வேண்டுமா பக்கவாட்டிலா என்று விவாதம் நீளும். என் கணக்கில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அந்தக் கணினியை நம்பி வீட்டில் என்னென்ன நடக்கிறது என்பது முதல் கேள்வி. மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் கேட்காமல் லினக்ஸைப் பரிந்துரைப்பவர்கள் ஒரு நல்ல மென்பொருளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

லினக்ஸுக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது அது இலவசம் என்பது. நம் ஊரில் இந்த வாதம் எடுபடாததில் வியப்பில்லை. கடையில் வாங்கும் மடிக்கணினியில் விண்டோஸின் விலை மொத்த விலைக்குள் கரைந்திருக்கும். தனியாகக் காசு கொடுத்ததாக யாருக்கும் தோன்றாது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கணினியென்றால், சர்வீஸ் கடையில் சில நூறு ரூபாய்க்கு 'ஓஎஸ் போட்டு'த் தந்துவிடுவார்கள். அது கிராக் செய்த விண்டோஸ் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆக, இங்கே இலவசத்தோடு மோதுவது இன்னொரு இலவசம். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கிராக் கோப்பில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது அதைப் போட்டவருக்கே தெரியாது. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிச் சரிபார்த்து நிறுவிய லினக்ஸில் அந்தப் பயம் இல்லை. லினக்ஸ் ஆர்வலர்கள் சிக்கனத்தைப் பேசிய நேரத்தில் இதைப் பேசியிருக்கலாம்.

வேகம் பற்றிய புகழ்ச்சியிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, கூடவே லினக்ஸையும் நிறுவியவர்கள் "பறக்கிறது" என்பார்கள். பறப்பதில் பெரும்பங்கு எஸ்எஸ்டியுடையது. 4 ஜிபி ரேமில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு விண்டோஸைவிட இலகுவாக ஓடும் என்பது உண்மைதான். குரோமில் வரிசையாக டேப் திறந்தால் அதுவும் திணறும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் லினக்ஸ் பெருவாரியாக நுழையக் கிடைத்த வாய்ப்பு, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் வந்தது. சி-டாக் சென்னை மையம், டெபியனை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளை மனத்தில் கொண்டு உருவாக்கியது அது. ஆனாலும் மாணவர்களில் பலருக்கு, கணினி தொடங்கும்போது தோன்றி மறையும் ஒரு வரி என்ற அளவுக்கு மேல் அதனோடு பழக்கம் ஏற்படவில்லை. வகுப்பில் அதை அன்றாடம் ஓட்டிக் காட்ட ஆளில்லை. ஊர் சர்வீஸ் கடைக்காரருக்கு அது பழக்கமில்லாதது. இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடவே யோசனை சொல்வார். 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் உபுண்டுவுக்கு இடம் கிடைத்தது. பொருள் கைக்கு வந்து ஏழு ஆண்டு கழித்துப் பாடம் வந்து சேர்ந்தது.

கேரளம் இதைத் தலைகீழாகச் செய்தது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள், பாடநூல்களையே ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரேஆஃபிஸ் இவற்றை வைத்து எழுதினார்கள், உபுண்டுவைத் தங்கள் பள்ளிகளுக்கேற்ப மாற்றியமைத்துக் 'கைட் குனு லினக்ஸ்' என்று வெளியிட்டார்கள். அங்கே ஒரு மாணவியின் வீட்டுக் கணினியில் சிக்கலென்றால் விடை தெரிந்த ஆசிரியர் ஒருவர் பள்ளியிலேயே இருக்க வாய்ப்புண்டு. இரு மாநிலங்களிலும் மென்பொருளின் தரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. சுற்றியிருந்த ஆட்கள்தான் வேறு. இங்கும் உதவி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 'கணியம்' போன்ற முயற்சிகள் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே எழுதி வருகின்றன. ஆனால் படித்துப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் பொறுமை உள்ளவருக்குத்தான் அது உதவி. வைஃபை போய்விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வேண்டியது வீட்டுக்கு வரும் ஒரு மனிதர்.

இனி, கணினியை நம்பி நடக்கும் வேலைகள். பெரும்பாலான ஏமாற்றங்கள் பிரிண்டரில் தொடங்குகின்றன. ஹெச்பி தன் பிரிண்டர்கள் பலவற்றுக்குத் திறந்த மூல டிரைவரைத் தானே தருகிறது. புதிய வைஃபை பிரிண்டர்கள் டிரைவரே இல்லாமல்கூட அச்சிடுகின்றன. ஆனால் ஜெராக்ஸ் கடைகளிலும் வீட்டு மேசைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனன் எல்பிபி 2900 தனக்கென்று ஒரு தனி முறையில் பேசுவது. லினக்ஸில் அதை இயக்கக் கட்டளைகளை வரிவரியாக அடிக்க வேண்டியிருக்கும்; அடுத்த பெரிய மேம்படுத்தலில் அது மறுபடி நின்றாலும் ஆச்சரியமில்லை. கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது. ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனை லினக்ஸில் ஏற்க வைப்பது சில நேரம் முடியும், எப்போதும் எரிச்சலூட்டும்.

தமிழில் எழுதுவதற்கு லினக்ஸ் குறை வைக்கவில்லை. தமிழ்99, ஒலிப்பு முறை எல்லாம் உண்டு. லோகித், நோட்டோ எழுத்துருக்கள் சுத்தமாகத் தெரிகின்றன. இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினால்தான் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு கலவை வரும். மொழிபெயர்ப்பு தன்னார்வலர்கள் கைக்கு எட்டிய வரையில்தான் நடந்திருக்கிறது. தொல்லை கொடுப்பது யுனிகோடுக்கு முந்திய உலகம். பாமினியை எழுத்துருவாகச் சேர்த்து நேரடியாக அடித்துவிடலாம். தனி விசைப்பலகை மென்பொருளோடு வந்த வானவில் போன்றவற்றில் பழைய கோப்புகளைப் படிக்க முடியும், புதிதாக எழுதுவது விண்டோஸில்தான். வீட்டிலிருந்தபடி பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் அக்காவிடம் போய் மென்பொருள் விடுதலை பேசுவது அவர் பிழைப்பில் கைவைப்பது.

பாதுகாப்புக்கு வருவோம். மூல நிரல் எல்லோர் கண்ணிலும் படுவதால் குறைகள் தப்பாது என்பார்கள். 2024 மார்ச் மாதம் இந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளானது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள், நெடுநாள் நம்பிக்கை சம்பாதித்த ஒரு பங்களிப்பாளர் கள்ளக் கதவொன்றை வைத்திருந்தார். களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடமிருந்து பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அதைச் செய்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவியதில் அது பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் துருவ முடிந்தது, ஆனால் அத்தனை கண்களில் எவையும் அதுவரை பார்க்கவில்லை. இரண்டும் உண்மை. வீட்டுப் பயனருக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளை போன்று வேகமாகப் புதுப்பிக்கும் இடங்களுக்குத்தான் போயிருந்தது. மெதுவாக நகரும் டெபியன் நிலைக்கிளையும் அன்று பயன்பாட்டிலிருந்த உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் (எல்டிஎஸ்) பதிப்புகளும் தப்பின. புத்தம்புதியது வேண்டும் என்ற ஆசையை வீட்டுக் கணினியில் காட்ட வேண்டியதில்லை.

விண்டோஸையும் விடாமல் பக்கத்திலேயே லினக்ஸையும் வைக்கலாம் என்பது பலரும் சொல்லும் நடுவழி. அதில் முதலில் குழம்புவது கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும், ஏனென்றால் லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தை உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கிறது. இது சிறு தொல்லை. 2024 ஆகஸ்டில் விண்டோஸின் ஒரு புதுப்பிப்பு, இரட்டை நிறுவல் கொண்ட பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவே விடவில்லை. இரண்டையும் பராமரிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு இது சிக்கலை இரட்டிப்பாக்கும் வழி.

எதைத் தேர்வது என்பதை இப்போது சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உலாவி, வீடியோ, பிள்ளைகளின் பாடம், எப்போதாவது ஒரு கடிதம் என்ற அளவில் நிற்கும் வீட்டுக்கு மின்ட் போதும். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பக்கத்தில் உபுண்டு தெரிந்த தம்பி ஒருவர் இருந்தால் உபுண்டு. காளி லினக்ஸைப் பையன் கேட்டால் கொடுக்க வேண்டாம், அது ஊடுருவல் சோதனை செய்பவர்களுக்கானது, பெயரில் உள்ள கவர்ச்சி வீட்டுப்பாடத்துக்கு உதவாது. டேலியும் டோக்கனும் பழைய எழுத்துருக்களும் சோறு போடும் வீட்டுக்கு, முறையாக விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ்தான். எதுவானாலும் முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதித்துவிட்டு, பிரிண்டரில் ஒரு தாளாவது அச்செடுத்த பிறகு நிறுவுவதைப் பற்றி யோசிக்கலாம்.