ஆட்டக்காரன் எழுதிய புத்தகம்

விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகளை இலக்கியத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நம்மிடையே இல்லை. தேச பக்தர்களின் சுயசரிதைக்கு நாம் ஒரு ஸ்தானம் தந்திருக்கிறோம். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை நாவலைப் போல் படிக்கிறோம். நாடகக்காரர்கள், சங்கீத வித்வான்கள் எழுதினாலும் ஆவலோடு புரட்டுகிறோம். ஆட்டக்காரன் எழுதினால் மட்டும், "அதில் என்ன இருக்கப் போகிறது? இத்தனை ரன், இத்தனை கோல், அவ்வளவுதானே?" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த அலட்சியத்தால் நஷ்டம் ஆட்டக்காரனுக்கு அல்ல, நாவல் படிக்கிறவர்களுக்குத்தான் என்பது என் கட்சி.

ஏனென்றால், நாவலாசிரியன் முந்நூறு பக்கம் பாடுபட்டு உண்டாக்கும் நெருக்கடி, ஆட்டக்காரனுக்கு வாரா வாரம் தானாகவே வந்து வாய்க்கிறது. ஒரு மனிதன், அவனுடைய உடம்பு, அவனுக்கு எதிரே இன்னொரு மனிதன், முடிவதற்குள் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம். இதைவிட வேறு என்ன வேண்டும் ஒரு கதைக்கு?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த வகைப் புத்தகங்களில் பத்துக்கு எட்டு படிக்கத் தகாதவை. ஆடும் காலத்திலேயே அவசரமாக எழுதப்பட்டவை சில. வேறொருவர் பேனாவில் பிறந்தவை பல. அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸியின் 'ஓப்பன்' (2009) உலகம் புகழும் புத்தகம். அதைக் கூட இருந்து எழுதிக்கொடுத்த ஜே.ஆர். மோரிங்கர் அட்டையில் தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறர் பேனாவாக இருப்பது மட்டும் குற்றமில்லை. அந்தப் பேனா யாருடைய உண்மையை எழுதுகிறது என்பதுதான் கேள்வி. அகாஸி தமக்கு டென்னிஸ் பிடிக்கவில்லை, வெறுப்பாக இருந்தது என்றே தொடங்குகிறார். அப்படிச் சொல்லத் துணிந்தவனின் புத்தகத்தை யார் எழுதினால் என்ன?

நல்ல புத்தகத்தையும் வெறும் புத்தகத்தையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே ஒன்று. தோற்ற நாளைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் எடுத்துப் படிப்பேன். வெற்றியை எவரும் எழுதலாம். பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதியிருக்கும். தோல்வியைத் தோற்றவன்தான் எழுத முடியும்.

தியான் சந்தின் 'கோல்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பிறந்து சிப்பாயாக வாழ்ந்த அந்த ஹாக்கி மேதையின் சுயசரிதை, 1952-ல் நம் சென்னையிலிருந்து வெளிவந்தது. 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' என்று அப்போது இங்கே நடந்துகொண்டிருந்த பத்திரிகைதான் அதைப் பிரசுரித்தது. சென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய காரியம். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இலக்கிய நயம் தேடி அதைப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். கப்பல் எங்கே புறப்பட்டது, எந்த ஊரில் எத்தனை கோல் என்று டைரி போலப் போகிறது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று இந்தியா தோற்கடித்ததையும் பெரிதாக ஆர்ப்பரிக்காமல் சொல்லிக்கொண்டு போகிறார். ஆனால் 1936-ல் பெர்லினுக்கு வந்ததும் நடை மாறுகிறது. அந்த முறை அவர்தான் காப்டன். ஒலிம்பிக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் நடந்த பழக்க ஆட்டம் ஒன்றில் ஜெர்மானியர்கள் 4-1 என்று ஜெயித்துவிட்டார்கள். கணக்கில் சேராத ஆட்டம். வேறொருவராக இருந்தால் இரண்டு வரியில் கடந்து போயிருப்பார். தியான் சந்தோ அது ஆயுளுக்கும் மறக்காது என்கிறார். அவசரமாக இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை வரவழைக்கிறார்கள். ஆகஸ்டு 15-ந் தேதி, மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில், மானேஜர்களில் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரிக்கிறார்; எல்லோரும் அதை வணங்கிவிட்டு மைதானத்துக்குப் போகிறார்கள். வெள்ளைக்காரனின் கொடியின் கீழ் ஆடப் போகிறவர்கள், அதிலும் காப்டன் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சம்பளம் வாங்குகிறவர். இடைவேளையில் ஒரே ஒரு கோல், முடிவில் 8-1.

அந்த 8-1 எல்லா விளையாட்டுச் சரித்திரங்களிலும் இருக்கிறது. அந்த 4-1-ஐப் படித்த பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. இந்த வித்தையைத் தியான் சந்த் எந்த நாவலாசிரியனிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பயந்ததைப் பயந்தேன் என்று எழுதினார், அவ்வளவுதான்.

இரண்டாவதாக நான் சொல்லும் புத்தகம் நம் தென்காசிக் குடும்பத்தினுடையது. ராமநாதன் கிருஷ்ணனும் அவர் மகன் ரமேஷும், பத்திரிகையாளர் நிர்மல் சேகரோடு சேர்ந்து 1999-ல் வெளியிட்ட 'எ டச் ஆஃப் டென்னிஸ்'. தகப்பனார் டி.கே. ராமநாதன், மகன் கிருஷ்ணன், பேரன் ரமேஷ் என்று மூன்று தலைமுறை. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு ஒரு வித்தை போவதைப் பற்றிய புத்தகம் இது. நாதஸ்வரக் குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போது உண்டாகும் உணர்ச்சி இதிலும் உண்டாகிறது. கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டனில் அரை இறுதிவரை போனவர். 1962-ல் நான்காவது இடம் தந்து அவரை வரிசைப்படுத்தினார்கள். கணுக்காலில் அடிபட்டு நடுவிலேயே விலக நேர்ந்தது. 1966-ல் கல்கத்தாவில், டேவிஸ் கோப்பைக்காக பிரேஸில் தேசத்துத் தாமஸ் கோக்கோடு ஆடியபோது, இரண்டு செட் இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கிய பிறகு எழுந்து ஜெயித்தார்.

இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஆசிரியர்கள் அளவுக்கு மீறி மரியாதைக்காரர்கள். தொழில்முறை ஆட்டக்காரராக வரச் சொல்லி ஜாக் கிரேமர் பெரிய தொகையோடு அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு முழு நாவல் இருக்கிறது. பணமா, தேசமா, தகப்பனாரின் விருப்பமா? ஒரு தமிழ்க் குடும்பத்துக் கூடத்தில் அந்தப் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்று கேட்க எனக்கு ஆசை. கூடத்துக் கதவை அவர்கள் பாதிதான் திறக்கிறார்கள்.

விசுவநாதன் ஆனந்த் இன்னும் கொஞ்சம் அதிகம் திறக்கிறார். சூசன் நைனானோடு சேர்ந்து 2019-ல் அவர் எழுதிய 'மைண்ட் மாஸ்ட'ரில், ஒவ்வொரு அனுபவத்துக்கும் பின்னால் ஒரு படிப்பினையை ஒட்டவைக்கும் பழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. கதையைச் சொன்னால் போதும். நீதியை வாசகன் எடுத்துக்கொள்வான். ஆனால் உரைகல்லில் உரசினால் மாற்றுக் குறையாத பொன்தான். 2013 நவம்பரில், தாம் வளர்ந்த சென்னையிலேயே, இருபத்திரண்டு வயது மாக்னஸ் கார்ல்ஸனிடம் உலகப் பட்டத்தைப் பறிகொடுத்தார் ஆனந்த். பத்து ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. வெளியூரில் தோற்றால் விமானம் ஏறிவிடலாம். சொந்த ஊரில் தோற்றவன் எங்கே போவான்? அந்த நாட்களின் வெறுமையை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சுமார் நான்கு மாதங்களில் மறுபடியும் காண்டிடேட்ஸ் போட்டியில் முதலாவதாக வந்த செய்தி அதற்குப் பிறகு வரும்போது நமக்கும் மூச்சு வருகிறது.

இந்த மூன்றுக்கும் மேலாக ஒரு புத்தகம் இருக்கிறது: ட்ரினிடாட் தீவின் ஸி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963-ல் வெளியிட்ட 'பியாண்ட் எ பவுண்டரி'. சிறு வயதில் ஜன்னல் வழியாகக் கிரிக்கெட் பார்த்த பையன், வளர்ந்த பிறகு எந்தக் கிளப்பில் சேருவது என்று தயங்குகிறான். அங்கே ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு நிறத்தாருக்கு. கறுப்பில் கூட எவ்வளவு கறுப்பு என்பதற்குக் கணக்கு உண்டு. அவர் நிறம் குறைந்தவர்களின் கிளப்பில் சேர்ந்தார். அது தவறான முடிவு, அதற்கு நான் விலை கொடுத்தேன் என்று பின்னால் எழுதுகிறார். ஜாதி தெரிந்த நமக்கு அந்த அத்தியாயத்துக்கு உரையாசிரியர் தேவையில்லை.

நான் சொன்ன இவ்வளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இதில்தான் என் சங்கடம் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று தொழிற்சாலைகள். கார், மோட்டார் சைக்கிள், டயர் என்று ஓடுகிறவை யாவும் இங்கே தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டிய ஓடுபாதை 1990-லிருந்து இருக்கிறது. அதற்கு முன் பந்தயங்கள் சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் நடந்தன. எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளைஞன், டயர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன், ஒரு நாள் வந்து கேட்டான்:

"ஐயா, விளையாட்டுக்காரங்க வாழ்க்கையைப் பத்தி ஏதாவது புத்தகம் இருந்தாக் குடுங்க. இங்கிலீஷ் வேண்டாம். அதை எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துடுது."

"யாரைப் பற்றி வேண்டும், தம்பி?"

"நம்ம நரேன் கார்த்திகேயன் மாதிரி."

அவன் கேட்டது நியாயம். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் இந்த ஸ்ரீபெரும்புதூர் ஓடுபாதையில்தான். 2005-ல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த வருஷம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். ஏடுகளில் 'நான்காவது இடம், ஐந்து புள்ளிகள்' என்று இருக்கும். அன்று நடந்தது என்ன? ஒரு கம்பெனியின் டயர்கள் அந்தப் பாதையின் சாய்ந்த வளைவில் தாங்காது என்று தெரிந்து, பதினான்கு கார்கள் பந்தயம் தொடங்குமுன் விலகிவிட்டன. ஓடியவை ஆறே ஆறு. ஜனங்கள் கூச்சலிட்டார்கள், மைதானத்தில் பாட்டில்களை வீசினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியை நோக்கி ஒருவன் வண்டியை ஓட்டுகிறான். அது வெற்றிதானா? அவன் மனத்தில் அப்போது என்ன ஓடிற்று? இதைத் தமிழில் அவரே சொல்லக் கேட்கவேண்டும். டயர் செய்கிற பையனைவிட அதைப் புரிந்துகொள்ளும் வாசகன் வேறெங்கே கிடைப்பான்?

அவனுக்கு நான் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லைக் கொடுத்தேன். சுயசரிதை அல்ல, கதைதான். ஆனால் ஒரு விளையாட்டு மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் அதற்கு மேல் சொன்னவர்கள் இல்லை. தகப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்க வருகிறான் பிச்சி. ஒரே நாள், ஒரே திட்டிவாசல், சில நிமிஷப் பிடி. செல்லப்பா வர்ணனையில் நேரம் போக்குவதில்லை; கொம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, கை எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாருக்கும் அதே மைதானத்தில் ஒரு தோல்வி காத்திருக்கிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை.

இளைஞன் மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். "ஜமீன்தார் ஏன் ஐயா அப்படிப் பண்ணினார்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலை ஒப்புக்கொள்ளாமல் ஷிப்டுக்கு நேரமாகும்வரை வாதாடினான். விமரிசகர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

விளையாட்டில் ஜெயித்தவர்கள் இன்று தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கபடி ஆடியவர்கள், ஓடியவர்கள், செஸ் ஆடுகிறவர்கள், பந்தயக் காருக்குச் சக்கரம் மாற்றியே தலை நரைத்த மெக்கானிக்குகள். இவர்களுக்குப் பாராட்டு விழா நடத்துகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அதோடு ஒரு காரியமும் செய்யவேண்டும். பத்திரிகாசிரியர்களும் பதிப்பாளர்களும் இவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லவேண்டும்; பேசுவதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கேள்வியாக, எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்க வேண்டாம். தோற்ற அன்று இரவு வீட்டுக்கு எப்படிப் போனீர்கள், யார் கதவைத் திறந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கட்டும். புத்தகம் அங்கே தொடங்கிவிடும்.