சிலேடையின் இருப்பு

நண்பர் ஒருவரின் கவிதை சமீபத்தில் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்ப்பைக் காட்டும்போது, 'ஒரு வார்த்தைகூடச் சிந்தவில்லை, அப்படியே போய்விட்டது' என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். அவருக்கு அது சந்தோஷம். எனக்குச் சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. பாத்திரம் மாற்றும்போது ஒரு சொட்டும் சிந்தவில்லை என்றால் முதல் பாத்திரத்தில் இருந்தது என்ன என்ற கேள்வி வருகிறது.

1711ல் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் ஜோசப் அடிசன், சிலேடையைப் போலிச் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையும் சொன்னார். சந்தேகத்துக்குரிய வாக்கியத்தை வேறு மொழியில் பெயர்த்துப் பார்க்க வேண்டும். நயம் தங்கினால் அசல். மறைந்துபோனால் வெறும் 'பன்'. கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தபோது மறுக்க முடியாத வாதமாகத் தோன்றியது. இன்று அதே சோதனையைத் தலைகீழாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வேறு மொழிக்குப் போகையில் காணாமல் போவது எதுவோ அதை மொழி சொல்லியிருக்கிறது. தங்குவதை எழுதியவன் சொல்லியிருக்கிறான். கவிதையில் இரண்டு குரலும் கேட்க வேண்டும். நண்பரின் கவிதையில் அவர் குரல் மட்டும் கேட்டது.

புதுக்கவிதைக்காரர்களுக்குச் சிலேடை ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. யமகம், திரிபு, சித்திரகவி என்று நம் புலவர்கள் ஜமீன்களில் செய்து காட்டிய வித்தைகளின் அலுப்பு நம் ரத்தத்தில் இருக்கிறது. பிறகு மேடைப் பேச்சு வந்து சொல்லடுக்கையே சிந்தனை என்று நம்பவைத்தது. மிச்சம் சொச்சத்தைச் சபா நாடகமும் பட்டிமன்றமும் எடுத்துக்கொண்டன. கி.வா.ஜ. போன்ற ஆழ்ந்த படிப்பாளியின் சிலேடைகள்கூட இன்று துணுக்குகளாகத்தான் வழங்குகின்றன. இதிலெல்லாம் வெறுத்துப்போய்ப் படிமத்தைப் பிடித்துக்கொண்டோம். படிமம் கண்ணுக்கானது; பாஸ்போர்ட் இல்லாமல் எந்த எல்லையையும் கடக்கும். நாம் படித்துக் கற்றவையும் அப்படிக் கடந்து வந்தவைதாம். ஜப்பானியக் கவிதையை ஆங்கில வழியாகப் படித்து அதன் படிமச் சிக்கனத்தை வியந்தோம். ஆனால் அந்தக் கவிதை மரபில் 'ககெகொதொபா' என்று இரட்டுறச் சொல்லும் உத்தி ஒன்று உண்டு. 'மட்ஸு' என்றால் பைன் மரம், காத்திருத்தலும் அதுவே. பைன் மரத்தைச் சொன்னாலே பிரிவுத் துயரம் வந்துவிடுகிறது. அங்கே அது சிரிக்கவைக்கிற விஷயம் அல்ல. ஆங்கிலத்தில் நமக்கு மரம் வந்தது, காத்திருத்தல் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை, சிலேடையை ஒதுக்கிய நம் சிறுபத்திரிகைகளின் பெயர்கள். 1959ல் சி.சு. செல்லப்பா வைத்த 'எழுத்து', அட்சரமா, இலக்கியமா, தலையில் எழுதப்பட்டதா? புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராய்ப் போன அவர் வாழ்க்கையைப் பார்த்தால் மூன்றாவதையும் தள்ளுவதற்கில்லை. 1968ல் சேலத்திலிருந்து வந்த 'நடை' கால்களுடையதும் உரைநடையுடையதும். 1970ன் 'கசடதபற' வல்லினம். அது இலக்கணமும் ஆகும், மிரட்டலும் ஆகும். ஞானக்கூத்தனின் 'காலவழுவமைதி'யையும் இங்கே சொல்ல வேண்டும். மேடைத் தமிழைக் கேலி செய்யும் அந்தக் கவிதையின் விமர்சனம் முழுவதும் தலைப்பிலேயே இருக்கிறது. கால வழுவை இலக்கணம் மன்னிப்பதற்கு அப்படிப் பெயர். காலத்தின் வழுவைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் அமைதிக்கும் அதே பெயர் பொருந்துகிறது. மேடையின் சொல் விளையாட்டைச் சொல் விளையாட்டாலேயே அடித்த காரியம் அது.

எனவே எல்லாச் சிலேடையும் ஒன்றல்ல. காளமேகத்தை எடுத்துக்கொள்ளலாம். பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கிய அவர் வெண்பா பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குத் தெரியும். செக்கில் சுழன்ற எள்ளின் எண்ணெயும் படமெடுத்து ஆடிய பாம்பும் கடைசியில் போய்ச் சேருவது குடத்துக்குள்தான் என்று விளங்கியதும் கைதட்டுகிறோம். அதன்பின் பாட்டில் ஒன்றும் பாக்கியில்லை. பாம்பைப்பற்றியோ எள்ளைப்பற்றியோ நமக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. புதிர் அவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான். வில்லியம் எம்ப்ஸன் 1930ல் எழுதிய நூலில் பொருள் மயக்கத்தின் ஏழு வகைகளில் மூன்றாவதாகச் சிலேடையை வைக்கிறார். ஒரே சொல்லில் வரும் இரண்டு கருத்துகளும் அந்தச் சந்தர்ப்பத்துக்கு வேண்டியவையாக இருப்பதை வைத்து அவர் அதைப் பார்க்கிறார். எள்ளுக்கும் பாம்புக்கும் பொதுவான சந்தர்ப்பம் எதுவும் இல்லை, பாட்டுக் கட்ட வேண்டும் என்பதைத் தவிர.

அதே காளமேகம் நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தைப் பாடிய வெண்பா வேறு ஜாதி. பொழுது சாய்ந்துதான் அரிசி வருகிறது. உலையில் போடுவதற்குள் ஊர் அடங்குகிறது. இலையில் அகப்பை விழும்போது வெள்ளி முளைத்துவிடுகிறது. பசியோடு காத்திருந்தவனின் வசை. சத்திரக்காரர் வருந்தவே, ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதையே வாழ்த்தாக அர்த்தப்படுத்தினார் என்பது வழக்கு. பஞ்சத்தில் அரிசி அஸ்தமித்த காலத்தில் இங்கே வந்து குவிகிறது. ஊர்ப் பசி அடங்குகிறது. வெள்ளியும் சோற்றின் வெண்மைக்கு ஒப்பாகிவிடுகிறது. இந்தக் கதை பின்னால் கட்டியதாகவே இருக்கட்டும். இங்கே இரண்டு அர்த்தமும் ஒரே இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. சோறு போடுகிறவனிடம் சாப்பிடுகிறவன் எப்படிப் பேச முடியும் என்பதே விஷயம். வசையையும் நன்றியையும் ஒரே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறவனுக்குச் சிலேடையைத் தவிர வேறு வழி கிடையாது. இதை அலங்காரம் என்று அணியியலில் அடைத்துவிட்டது தவறு.

நான் குமாஸ்தா. பேரேட்டுத் தமிழோடு வளர்ந்தவன். என் அப்பாவின் பழைய கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக் ஒன்று வீட்டில் கிடக்கிறது. தேதிக்கு அடுத்து மூன்று பத்திகள்: பற்று, வரவு, இருப்பு. இதை அச்சடித்தவருக்குச் சிலேடை நோக்கம் இருந்திருக்காது. மொழிக்கு இருந்திருக்கிறது. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஏழு சீர்களில் ஆறில் 'பற்று' வருகிறது; பிடிப்பதும் அதுதான், விடுவதற்குப் பிடிக்க வேண்டியதும் அதுதான். பணம் எடுத்தால் ஏன் பற்று என்று எழுதுகிறார்கள் என்பதற்குக் கணக்கியல் சொல்லும் விளக்கத்தைவிட இது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 'செலவு' இன்னும் விசேஷம். அகத்திணையில் செலவு என்றால் பயணம். தலைவியின் முகத்தைப் பார்த்துத் தலைவன் புறப்படாமல் தயங்குவது செலவழுங்குதல். அவன் புறப்பட்டதோ பொருளுக்காக. இன்று பொருளுக்குப் போய்வந்தவனிடம் மிஞ்சுவது செலவுதான். இப்படி ஒரு சொல் தன் பழைய வீட்டை மறக்காமல் இருப்பதைத்தான் நான் சிலேடை என்று சொல்ல விரும்புகிறேன். ஓசை தற்செயலாக மோதிக்கொள்வது அதன் கடைசித் தரம்.

முதியோர் உதவித்தொகை வாங்க வரும் ஒரு கிழவி எங்கள் கவுண்டரில் ஒருநாள், 'இருப்பு ஏதாச்சும் இருக்கா தம்பி?' என்று கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்து, 'இருக்கு பாட்டி' என்றேன். 'நானுந்தான் இருக்கேன்' என்றார். சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். அன்றைக்கு முந்தின வாரம்தான் ஒரு சிறுபத்திரிகையின் ஒரே இதழில் 'இருப்பு' என்ற சொல்லை ஏழு கவிதைகளில் எண்ணியிருந்தேன். இருப்பின் கனம், இருப்பின் வலி, இருப்பின்மை. எல்லாம் பாரிஸிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்த இருப்பு. ஏழில் ஒன்றுக்கும் பாஸ்புக் கிடையாது. கிழவிக்கு சார்த்தரைத் தெரியாது, ஆனால் கணக்கில் ஐந்நூறு சொச்சமும் உயிரும் ஒரே சொல்லில் மீதியாக நிற்பது தெரிந்திருந்தது.

சிலேடை வேடிக்கைக்குத்தான் என்பவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் மெர்க்யூஷியோ இருக்கிறான். நாடகம் முழுக்கச் சொற்களோடு விளையாடியவன் கத்திக் குத்துப்பட்டுச் சாகும்போதும், நாளைக்கு என்னைத் தேடினால் எப்படி இருப்பேன் என்று, கல்லறையையும் கம்பீரத்தையும் குறிக்கும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகிறான். டாக்டர் ஜான்ஸன் 1765ல், இந்த ஆசைக்காக ஷேக்ஸ்பியர் எதையும் கோட்டைவிடத் தயார் என்று அலுத்துக்கொண்டார். அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவர் யோசித்திருக்கலாம். டன் கடவுளை நோக்கி எழுதிய ஒரு பாடலில் தன் பெயரையே சிலேடையாக்குகிறார். மன்னித்து முடித்தாயா என்பதும், இந்த டன் உனக்குக் கிடைத்துவிட்டானா என்பதும் ஒரே ஓசை. பாவமன்னிப்புக் கேட்கிறவன் விளையாடுவானா? ஆங்கிலம் அவர் பெயரில் அந்த வினைச்சொல்லை வைத்துவிட்டது. அதைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் பொய்யாகியிருக்கும்.

எனக்கும் கெட்ட பழக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் சொல்லும் சிலேடைகளைக் கேட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவை எள்ளும் பாம்பும் வகை.

நண்பரின் கவிதைக்கு வருகிறேன். அதன் ஐந்தாவது வரியிலும் 'இருப்பு' இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தத்துவப் புத்தகத்திலுள்ள ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தார். துளி சேதாரம் இல்லை. நண்பரிடம் கிழவியைப்பற்றிச் சொன்னேன். 'அது ஜோக்கப்பா' என்றார். சற்று நேரம் கழித்து, 'அதை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது?' என்று கேட்டார். அரைமணி நேரம் இருவரும் முயன்றோம். பேலன்ஸ் என்றால் கிழவி போய்விடுகிறார். மற்றதைப் போட்டால் பணம் போய்விடுகிறது.